குளிர்காலக் கோழிக்கு விளக்கு வேண்டுமா?

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கி வரும் நாற்பது நாள்களுக்குச் 'சில்லை கலான்' என்று பெயர். ஆண்டிலேயே கடுமையான குளிர் அப்போதுதான். ஸ்ரீநகரில் இரவு வெப்பநிலை சுழிக்குக் கீழே 5 டிகிரி சென்டிகிரேட் வரை இறங்குவது அந்நாள்களில் சாதாரணம். குழாய்களில் தண்ணீர் உறைந்து நிற்கும். பெரும் பனி விழுந்தால் ஜம்முவிலிருந்து வரும் நெடுஞ்சாலை அடைபட்டுப் போகும். சாலை அடைபட்டால் வெளியிலிருந்து வரும் முட்டையும் நின்றுவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக் கொல்லையில் வளரும் கோழிகளும் கையை விரித்துவிடுகின்றன! கோடையில் நாள் தவறாமல் முட்டையிட்ட கோழி, இலையுதிர் காலத்தில் வாரத்துக்கு இரண்டாகக் குறைத்து, பனி விழும் முன்பே அடியோடு நிறுத்திவிடுகிறது.

ஏன் நிறுத்துகிறது? "இதென்ன கேள்வி? குளிர் தாங்கவில்லை, நிறுத்திவிட்டது" என்று நீங்கள் உடனே சொல்வீர்கள். குளிர்நாடுகளில் கோழி வளர்ப்போரிலும் பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். எண்ணுவதோடு நில்லாமல், கூட்டின் இடுக்குகளையெல்லாம் சாக்கால் அடைக்கிறார்கள்; சிலர் உள்ளே கரி நெருப்பும் வைக்கிறார்கள். முட்டை மட்டும் வருவதில்லை. பல வேளைகளில் கோழியும் போய்விடுகிறது.

இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கோழியை நிறுத்தவைப்பது எது என்பது முதற் கேள்வி. இதற்கு விஞ்ஞானம் தெளிவாக விடை சொல்லிவிட்டது. நின்றுபோன கோழியை நாம் மீண்டும் இடவைக்க வேண்டுமா என்பது இரண்டாவது. இதில் கருத்து வேறுபாடு உண்டு. என் கருத்தைச் சொல்லுமுன் முதற் கேள்வியைப் பார்த்துவிடுவோம்.

உங்கள் நில நூல் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நம் உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கே உறைபனி விழுவதைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஸ்ரீநகரிலும் குளிர், உதகையிலும் குளிர். ஆனால் இரண்டு ஊர்களின் பகற்பொழுதை ஒப்பிட்டுப் பாருங்கள். உதகை நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 11 டிகிரி வடக்கே இருக்கிறது. அதன் மிகக் குறுகிய பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி. மிக நீண்ட பகல் பன்னிரண்டே முக்கால் மணி. வேறுபாடு ஒன்றேகால் மணி நேரந்தான். ஸ்ரீநகரோ 34 டிகிரி வடக்கே இருக்கிறது. அங்கே ஜூன் மாதத்துப் பகல் பதினான்கரை மணிக்குச் சற்றுக் குறைவு. டிசம்பர்ப் பகல் பத்து மணிகூட இல்லை. ஆறு மாதத்தில் நாலரை மணி நேர வெளிச்சம் காணாமற் போகிறது! வடக்கே போகப்போகக் குளிரும் இருட்டும் சேர்ந்தே வருவதால், இருட்டு செய்ததை நாம் குளிரின் தலையில் ஏற்றிவிடுகிறோம்.

சேர்ந்தே வரும் இரண்டு காரணங்களைப் பிரிப்பது எப்படி? இதைச் செய்து காட்டியவர் கனடா நாட்டில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் ரோவன் என்னும் விலங்கியல் அறிஞர். அவர் எடுத்துக்கொண்டது கோழியை அன்று. குளிர்காலத்தில் தெற்கே வலசை போகும் ஜங்கோ என்னும் சிறு குருவியை. 1924ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் சில ஜங்கோக்களைப் பிடித்து, திறந்த வெளியில் அமைத்த இரண்டு கூண்டுகளில் விட்டார். இரண்டுக்கும் ஒரே குளிர். கனடாக் குளிர் என்றால் காஷ்மீரே வெட்கப்படும் குளிர்! ஒரு கூண்டில் மட்டும் அந்திக்குப் பிறகு மின்விளக்கை எரியவிட்டு, நாள்தோறும் சில நிமிடங்கள் கூட்டிக்கொண்டே போனார். நடுக் குளிர்காலத்தில் பறவைகளைச் சோதித்தபோது, விளக்கில்லாத கூண்டுப் பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகள் வழக்கம்போல் சுருங்கிக் கிடந்தன. விளக்கு எரிந்த கூண்டிலோ, அவை வசந்த காலத்தில் இருப்பதுபோல் பருத்திருந்தன. சுற்றிலும் பனி, பறவையின் உடலுக்குள் மட்டும் வசந்தம்! 1925இல் இதை அவர் வெளியிட்டார். விலை உயர்ந்த கருவி ஏதும் இல்லாமல், இரண்டு கூண்டையும் ஒரு விளக்கையும் வைத்துச் செய்த சோதனை இது. சோதனை என்றால் பளபளக்கும் ஆய்வுக்கூடம் வேண்டும் என்று நினைக்கும் மாணவர்கள் இதைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெளிச்சம் பறவைக்குள் எப்படிப் போகிறது? கண் வழியாகத்தானே என்பீர்கள். 1930களில் பிரான்சு நாட்டு அறிஞர் ழாக் பெனுவா வாத்துகளை வைத்து ஆராய்ந்தார். கண்ணை இழந்த வாத்துகளின் தலையில் ஒளி பட்டபோதும் அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வளர்ந்தன. ஒளி மண்டையோட்டின் ஊடே சென்று மூளையையே நேராகத் தொடுகிறது. நம்ப முடியவில்லையா? இன்று இரவு டார்ச் விளக்கை உள்ளங்கையோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். கை சிவப்பாகத் தெரியும். தசையை ஊடுருவுவதில் சிவப்பொளி கெட்டிக்காரன். கோழியின் மண்டையோடு நம் கையைவிட எவ்வளவு மெல்லியது!

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ் இந்த ஒளியை உணர்கிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி ஹார்மோன்களை இரத்தத்தில் விட, அவை சினைப்பையை எழுப்பிவிடுகின்றன. இந்தச் சங்கிலியில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனுக்கும் பங்குண்டு. ஜப்பானியக் காடையில், முதல் நீண்ட பகல் முடிவதற்குள்ளேயே பிட்யூட்டரியின் ஒரு மூலையில் அந்த ஹார்மோன் வேலையைத் தொடங்கிவிடுகிறது என்று 2008இல் கண்டறிந்தார்கள். 2010இல் இன்னொரு செய்தி வந்தது. காட்டுக்கோழியையும் வீட்டுக்கோழியையும் மரபணு வாரியாக ஒப்பிட்டபோது, இதே ஹார்மோனை ஏற்கும் மரபணு வீட்டுக்கோழியில் மாறியிருப்பது தெரிந்தது. காட்டுக்கோழி பருவம் பார்த்துத்தான் முட்டையிடும். குஞ்சு பொரிக்கும்போது புழு பூச்சியும் புல் விதையும் கிடைக்க வேண்டுமே! மனிதன் பல தலைமுறைகளாகப் பொறுக்கி வளர்த்ததில் வீட்டுக்கோழி அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திக்கொண்டது. ஆனால் முழுவதும் விட்டுவிடவில்லை. பகல் 14 மணி நேரம் இருந்தால் நன்றாக இடும். பகல் குறுகிக்கொண்டே போனால் பழைய காட்டு நினைவு வந்துவிடுகிறது.

அப்படியானால் விளக்கைப் போட்டுவிட வேண்டியதுதானே? போடுகிறார்கள். நாமக்கல் வட்டாரத்தில் இரவில் பேருந்தில் போனவர்கள், வயல்களுக்கு அப்பால் நீளமான கொட்டகைகளில் விளக்கெரிவதைக் கண்டிருக்கலாம். முட்டைப் பண்ணைகளில் பகலையும் விளக்கையும் கூட்டி நாளைக்கு 16 மணி வெளிச்சம் தருவது எங்கும் உள்ள வழக்கம். கொல்லைக் கோழிக்கும் இதைச் செய்யலாம், செலவும் பெரிதில்லை. 5 வாட் எல்.ஈ.டி. விளக்கு ஒன்று, நாளைக்கு 5 மணி நேரம் என்று கணக்கிடுங்கள். நாற்பது நாளைக்கு ஆகும் மின்சாரம் சரியாக ஒரே ஒரு யூனிட். ஒரு முட்டையின் விலையோடு ஒப்பிட்டால் விளக்குக் கட்சிதான் வெல்லும் போலிருக்கிறது.

இருந்தும் எல்லாக் கோழிக்கும் விளக்கு வைப்பதை நான் ஏற்கவில்லை.

முட்டையிடாத அந்த மாதங்களில் கோழி சும்மா இருக்கிறதா? இல்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட கோழி இலையுதிர் காலத்தில் பழைய இறகுகளை உதிர்த்துப் புதியவற்றை முளைக்க வைக்கிறது. இதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். இறகு என்பது பெரும்பாலும் கெரட்டின் என்னும் புரதம். உடல் முழுவதும் புதிதாக ஒரு சட்டை தைத்துக்கொள்வது என்றால் எவ்வளவு புரதம் வேண்டும்! அதே நேரத்தில் முட்டையும் வேண்டும் என்று கேட்டால் கோழி எதைச் செய்யும்? மேலும், ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போகிறது. அந்த ஓட்டுக்கு 2 கிராம் அளவுக்குக் கால்சியம் தேவை. இரவில் இரைப்பை காலியாக இருக்கும்போது, ஒரு பகுதியைத் தன் எலும்புக்குள் இதற்கென்றே சேர்த்துவைத்த கையிருப்பிலிருந்து எடுக்கிறது. கையிருப்பு தீர்ந்தால் உடம்பைத் தாங்கும் எலும்பே கரையத் தொடங்கும். நிறைய முட்டையிடும் கோழிகளில் மார்பெலும்பு முறிவு அதிகம் காணப்படுவது வெறும் தற்செயல் அன்று.

எதிர்க்கட்சியின் மேல் வீண்பழி போடவும் நான் விரும்பவில்லை. "விளக்கு வைத்தால் கோழியின் வயிற்றிலுள்ள முட்டைகள் சீக்கிரம் தீர்ந்துபோகும்" என்று சிலர் சொல்வதுண்டு. இது தவறு. கோழிக்குஞ்சு பொரிந்து வரும்போதே அதன் சினைப்பையில் பல்லாயிரம் முட்டைக் கருக்கள் இருக்கின்றன. வாழ்நாள் முழுவதும் இட்டாலும் சில நூறுதான் இடும். தீருவது முட்டையன்று, கோழியின் உடல்தான்.

பண்ணைக்காரருக்கு இது பெரிய கவலை இல்லை. அவர் கணக்கில் ஒரு கோழியின் வேலை ஒன்றரை இரண்டு ஆண்டோடு முடிகிறது. பிறகு இறைச்சிக்குப் போய்விடும். கொல்லைக் கோழியின் கதை வேறு. அதை நாலைந்து ஆண்டு வைத்திருக்கிறார்கள். அது முட்டையும் இடுகிறது, அடைகாத்துக் குஞ்சும் பொரிக்கிறது, குஞ்சுகளைப் பருந்திடமிருந்தும் காக்கிறது. பண்ணையின் விதியை அப்படியே தூக்கிக் கொல்லையில் வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

காஷ்மீரில் இன்னொரு தொல்லையும் உண்டு. குளிர்காலத்தில் மின்வெட்டு அங்கே பழகிப்போன ஒன்று. ஒரு மாதம் விளக்கு வைத்துக் கோழியை ஏமாற்றி வசந்தம் என்று நம்பவைத்துவிட்டீர்கள். பெரும்பனியில் கம்பி அறுந்து ஒரு வாரம் மின்சாரம் இல்லை. கோழியின் மூளைக்கு என்ன தெரியும்? "பகல் குறைந்துவிட்டது" என்று கொண்டு, முட்டையை நிறுத்தி இறகை உதிர்க்கத் தொடங்கிவிடும். அக்டோபரில் உதிர்த்திருந்தால் பனிக்கு முன் புதுச்சட்டை தயாராகியிருக்கும். ஜனவரி நடுவில் சட்டையைக் கழற்றிய கோழி என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

"ஐயா, நீங்கள் பெரிய தருமவான். பனிக்காலத்தில் வீட்டுப் பிள்ளைக்கு முட்டை யார் கொடுப்பார்?" என்று ஒரு தாய் என்னைக் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை விளக்கில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. முதலாண்டு விடைக்கோழி அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் முழுமையாக இறகு உதிர்ப்பதில்லை. மார்ச் கடைசியில் அடைவைத்தால் 21 நாளில் குஞ்சு. ஐந்தாறு மாதத்தில், அதாவது செப்டம்பர் அக்டோபரில், அது முதல் முட்டையை இட்டுவிடும். ஒருமுறை தொடங்கிவிட்ட விடைக்கோழி முதற் குளிர்காலத்தில் பெரும்பாலும் தொடர்ந்தே இடுகிறது. ஜூன் மாதத்தைப் போல இடும் என்று சொல்லவில்லை. ஆனால் கூடு வெறுங்கூடாக இருக்காது. குஞ்சைத் தாமதித்து ஜூலையில் பொரிக்கவிட்டால், அது பருவத்துக்கு வரும்போது பகல் மிகக் குறுகிப் போயிருக்கும். பிறகு வசந்தம் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆண்டுதோறும் வசந்தத்தில் சில குஞ்சுகளைச் சேர்த்துக்கொண்டே வரும் வீட்டில், மூத்த கோழிகள் ஓய்வெடுக்கும்போது இளையவை இடும். கூட்டுக் குடும்பத்தில் நடப்பதுதானே இது!

இந்த விடைக்கோழிகளுக்கு மட்டும் வேண்டுமானால் விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் மூத்த கோழிகளைத் தனியே அடைக்க இடம் வேண்டும். மின்சாரமும் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். விளக்கை அந்தியில் அல்லாமல் விடியலுக்கு முன்பு எரியவிடுவதே நல்லது. இரவில் விளக்கு திடீரென்று அணைந்தால் கோழி தட்டுத் தடுமாறித் தரையிலேயே ஒடுங்கிவிடும். விடியலில் விளக்கு தானாகப் பகலோடு கலந்துவிடும். கோழியின் தலை மட்டத்தில் செய்தித்தாள் படிக்கும் அளவு வெளிச்சம் போதும். வாரத்துக்குக் கால் மணி, அரை மணி என்று கூட்டி 14 மணியில் நிறுத்திவிட வேண்டும்.

விளக்கு உண்டோ இல்லையோ, குளிரைப் பற்றிய தப்பெண்ணம் ஒழிய வேண்டும். கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி. நல்ல இறகும் வயிறு நிறையத் தீனியும் இருந்தால் சுழிக்குக் கீழான குளிரையும் அது தாங்கும். தாங்க முடியாதது ஈரம். கோழியின் மூச்சிலும் எச்சத்திலும் ஏராளமான நீர் இருக்கிறது. இடுக்கையெல்லாம் அடைத்த கூட்டில் அந்த ஈராவி வெளியேற வழியின்றிக் கொண்டையில் படிந்து உறைகிறது. கொண்டை கறுத்து அழுகுகிறது. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா நுரையீரலைக் கெடுக்கிறது. காலையில் கூட்டைத் திறந்ததும் உங்கள் கண் எரிந்தால், இரவெல்லாம் உள்ளேயிருந்த கோழியை எண்ணிப் பாருங்கள். கரி நெருப்பு வைத்தாலோ கார்பன் மோனாக்ஸைடு! அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஆகவே கூரையை ஒட்டி, கோழியின் தலைக்கு மேலே, காற்று போக வழி இருந்தே தீரவேண்டும். கீழே நேர்க்காற்று படாமல் அடைத்துக்கொள்ளலாம். தரையில் உலர்ந்த வைக்கோலோ மரத்தூளோ கனமாகப் பரப்ப வேண்டும். உட்காரும் கட்டை மெல்லிய கம்பாக இல்லாமல் தட்டைப் பலகையாக இருந்தால், கோழி தன் விரல்களை வயிற்று இறகால் மூடிக்கொண்டு உறங்கும்.

தண்ணீரை மறந்துவிடுகிறோம். முட்டையின் உட்பகுதியில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர்தான். முட்டையிடும் கோழி நாளைக்குக் கால் லிட்டர் அளவுக்குக் குடிக்கும். கிண்ணத்தில் தண்ணீர் உறைந்து கிடந்தால், எவ்வளவு விளக்கு வைத்தும் எவ்வளவு தீனி போட்டும் பயனில்லை. காலையிலும் பிற்பகலிலும் வெதுவெதுப்பான நீர் மாற்றிவைப்பது சிறுவர்களே செய்யக்கூடிய வேலை. அந்திப்பொழுதில் ஒரு பிடி மக்காச்சோளம் போட்டால், செரிக்கும்போது உண்டாகும் வெப்பம் இரவுக்கு உதவும். காஷ்மீரில் மக்காச்சோளத்துக்குப் பஞ்சமில்லை. சுண்ணாம்புக்கல் பொடியைத் தீனியில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் கோழி தேவையான அளவைத் தானே எடுத்துக்கொள்ளும், மற்றவை ஒதுக்கிவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "எங்கள் வீட்டுக் கோழியும் மார்கழியில் நிறுத்திவிட்டது, வெளிச்சக் குறைவுதான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் ஊரில் ஆண்டு முழுவதும் பகல் அவ்வளவாக மாறுவதில்லை என்று முன்பே பார்த்தோம். நம் நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடுவது பருவத்தைப் பொறுத்ததன்று. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நாள்தோறும் எத்தனை முட்டை என்பதையும், தினசரி நாட்காட்டியில் அச்சிட்டிருக்கும் சூரிய உதயத்தையும் அத்தமனத்தையும் அடுத்தடுத்து எழுதி வாருங்கள். கோழி அடையிலிருக்கும் நாள்களையும் இறகு உதிர்க்கும் நாள்களையும் தனித்தனி நிற மையால் குறியுங்கள். ஓராண்டு ஆனதும் வரைபடத்தாளில் வரைந்து பாருங்கள். இரண்டு மூன்று கோழிகள் இருந்தால் காலில் வெவ்வேறு நிற நூல் கட்டிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் எந்த முட்டை யாருடையது என்ற வழக்கைத் தீர்க்க முடியாது.